வேலைக்குப் போய்க்கொண்டே எல்சாட்: கோச்சிங் சந்தா தேவையா?

நியூ ஜெர்சியில் என்னைப் போலவே இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலையில் இருக்கும் தோழி ஒருத்தி, சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் (LSAT) நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். நான் மாதச் சந்தா கட்டிப் படிக்கும் ஆன்லைன் கோச்சிங்கில் தானும் சேரலாமா என்று கேட்டாள்.

முதலில் அதன் படிப்பு அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேர்வுத் தேதியைக் கொடுத்தால் தினமும் படிக்க வேண்டியதைப் பிரித்துத் தருகிறது. ஆனால் நமக்கு ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே அதன் கணக்கில் இல்லை. க்ளெய்ம் குவிந்து ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பினால், விட்டுப்போன பாடம் சிவப்பில் நிற்கும். மறுநாள் பாடமும் அதன் தலையில் ஏறும். சனிக்கிழமை திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் முடியும் என்று குறிக்க ஓர் இடம் வைத்தால் போதும். அதைக் கேட்டு எழுதியதற்கு, தேர்வுத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிப் பதில் வந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பாடத்தில் குறை சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் எல்சாட்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்ட பிறகு, மதிப்பெண்ணுக்கு, வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு பகுதி, படித்துப் புரிந்துகொள்ளும் ரீடிங் ஒரு பகுதி. கணக்கில் சேராத ஒரு பகுதியும் உண்டு. ஒவ்வொன்றும் 35 நிமிடம். ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் காரில் உட்கார்ந்தே ஒரு பகுதியை முடித்துவிடலாம். சந்தேகப்பட்ட கேள்விகளை, விடையைப் பார்க்கும் முன்பே, ராத்திரியில் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போடச் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் பலன் தந்தது இந்தப் பழக்கம்தான்.

விளக்கங்களும் அருமை. ஓர் உதாரணம்: 'பில் இல்லாத க்ளெய்மை ஏற்க மாட்டோம். இதில் பில் இருக்கிறது. ஆகவே ஏற்போம்.' கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாலிசி காலாவதியாகியிருந்தால் பில் இருந்து என்ன பயன்? பில் தேவைதான், அது மட்டும் போதாது. இந்த ஓட்டை எல்சாட்டில் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கும். தவறான விடை ஏன் நம்மை இழுக்கிறது என்பதுவரை பிரித்துக் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் ஆபீஸில் வரும் கடிதங்களிலேயே இந்த ஓட்டை கண்ணில் படுகிறது. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இத்தனை சொன்ன பிறகும், சேராதே என்றுதான் அவளிடம் சொன்னேன். தேர்வை நடத்தும் எல்சாக்கின் லா ஹப் தளத்தில் சில முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். அதில் தொடங்கட்டும். மீதித் தேர்வுகளுக்கு அங்கே எப்படியும் தனியாகப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். முழு நேர வேலையில் இருப்பவர்களை ஒரு பொருட்டாக மதித்து அந்த அட்டவணையை மாற்றட்டும், அப்புறம் பார்க்கலாம். என் சந்தாவையும் இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன்.