பெட்டி முன்னே போக, நாம் பின்னே நடக்க: ஃபால்ஸ் மலைக்காட்டில் ஆறு நாள்

திருகோணமலையில் ஒருவர் பல நாட்கள் நடக்கப் போவதாகச் சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "கதிர்காமத்துக்கோ?" என்ற கேள்விதான். வெருகலிலிருந்து உகந்தை வழியாகக் கதிர்காமம் வரை ஒருமுறை பாதயாத்திரை போனவள் நான். சாப்பாட்டையும் உடுப்பையும் தலையில் சுமந்து காட்டு வழியில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை என் தோள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, சென்ற ஆண்டு ஒக்டோபர் முதல் வாரத்தில் ஜேர்மனியில் இருக்கும் அக்காவோடும் என் கணவரோடும், காசு கட்டி ஏற்பாடு செய்த ஒரு நடைச் சுற்றுலாவில் ஆறு நாள் நடந்தபோது, அந்த யாத்திரையை அளவுகோலாக வைத்தே ஒவ்வொன்றையும் பார்த்தேன். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடமோ சகோதரங்களிடமோ போகவிருக்கும் நம் ஊரவர்கள், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், இதற்குக் காசு செலவழிக்கலாமா என்று என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சேவை இதுதான்: வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு விடுதியில் அறையும் காலை உணவும் பதிவு செய்து தருகிறார்கள். நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் பெட்டியை வாகனத்தில் அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். ஒரு வரைபடமும், வழியை விளக்கும் கைநூலும், கைப்பேசியில் பாதையைக் காட்டும் பதிவும் தருகிறார்கள். ஆளுக்கு ஏறக்குறைய 700 யூரோ ஆனது. விமானச் செலவும் மதிய, இரவு உணவும் அதில் அடங்காது.

நாங்கள் நடந்தது ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள ஃபால்ஸ் என்னும் பகுதியில். அங்கே வைன்ஸ்டைக் என்ற நெடும்பாதை ஒன்று, பொக்கென்ஹைம் என்ற ஊரில் தொடங்கி பிரெஞ்சு எல்லையிலுள்ள ஷ்வைகன் வரை சுமார் 170 கிலோமீற்றர் போகிறது. அதன் தென்பாதியில், நொய்ஸ்ராட் என்ற ஊரிலிருந்து பாட் பேர்க்ஸாபேர்ன் வரை, நாளுக்கு 12 முதல் 18 கிலோமீற்றர் நடந்தோம். காடு, திராட்சைத் தோட்டம், கோட்டை மூன்றும் ஒரே நாளில் காலடிக்கு வருவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். ரைன் நதிப் பள்ளத்தாக்கு தாழ்ந்து இறங்கிய இடத்தின் விளிம்பில் மலை சுவர்போல் எழுகிறது. மழை மறைவில் இருக்கும் வெதுவெதுப்பான கீழ்ச்சரிவில் திராட்சை விளைகிறது. அத்தியும் வாதுமையும்கூடப் பழுக்கின்றன. மேலே காடு. சமவெளியைக் கண்காணிக்க வசதியாக விளிம்பின் முனைகளில் கோட்டைகள். பாதை இந்த மூன்றுக்குமிடையே ஏறுவதும் இறங்குவதுமாகப் போவதால், கிலோமீற்றர் குறைவாகத் தெரிந்தாலும் முழங்கால் அப்படி நினைக்காது. கைநூல் தரும் நேரக் கணக்கோடு ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

முதல் நாள் ஹம்பாக் கோட்டைக்கு ஏறினோம். 1832ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி, பேச்சுரிமையும் ஒன்றுபட்ட நாடும் வேண்டும் என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நொய்ஸ்ராட்டிலிருந்து இந்த மலைக்கு ஊர்வலமாக நடந்து வந்தார்கள். அன்று அவர்கள் ஏந்தி வந்த கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடிதான் இன்று ஜேர்மனியின் தேசியக் கொடி. மூச்சு வாங்க மேலே வந்து நின்றபோது, பெண்களும் அந்த ஊர்வலத்தில் ஏறி வந்தார்கள் என்று அக்கா சொன்னார். அதைக் கேட்டபின் என் களைப்பைப் பற்றி நான் பேசவில்லை.

மதியத்துக்குப் பிறகு ஏறிய கல்மிற் 673 மீற்றர் உயரமுள்ளது. அந்தக் காட்டின் மிக உயர்ந்த சிகரம். காடு முழுவதும் பீச், ஓக், பைன் மரங்கள். எல்லைக்கு அப்பாலுள்ள வோஜ் மலைக்காட்டோடு சேர்த்து 1998இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நம் பக்கத்துக் காட்டில் நடப்பவர் கண், புதிய யானை இலத்தி கிடக்கிறதா, கிளை முறிந்திருக்கிறதா என்று எப்போதும் தேடிக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கம் எனக்கு இரண்டு நாளாக விடவில்லை. மூன்றாம் நாள்தான் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்து நடந்தேன். அங்கே பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். அது கடித்தால் லைம் என்ற நோய் வரக்கூடும். ஒவ்வொரு மாலையும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, கழுத்து எல்லாம் பார்க்க வேண்டும். கைநூலில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். வெப்பநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதை ஒரு பக்கம் எழுதி விளக்கியிருக்க வேண்டும்.

திராட்சைத் தோட்டங்களுக்குள் இறங்கிய காலையில் திடீரென்று வெடிச்சத்தம் கேட்டது. என் கணவர் அந்த இடத்திலேயே குனிந்துவிட்டார். எனக்கும் நெஞ்சு அடைத்தது. அறுவடை நேரத்தில் கூட்டமாக வந்து பழத்தைத் தின்னும் ஸ்டார்லிங் பறவைகளைக் கலைக்க, தோட்டங்களில் வெடிக்கருவி வைத்திருக்கிறார்கள் என்று அக்கா விளக்கினார். தம்பலகாமத்து வயல்களில் ஆனை வெடி போடுவது போலத்தான். ஆனால் போரைக் கண்ட நம் ஊர் போன்ற இடங்களிலிருந்து போகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்; நான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பாதையில் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தவை செஸ்நட் மரங்களும் காட்டு உணவகங்களும். செஸ்நட் காய் பார்வைக்குப் பச்சை ரம்புட்டான் போல இருக்கும், ஆனால் முள் ஊசிபோல் குத்தும். சப்பாத்தால் மெல்ல மிதித்து உருட்டினால் ஓடு பிளந்து, உள்ளே எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கபில நிற விதைகள் இரண்டு மூன்று தெரியும். சுட்டுத் தின்றால் நம் பலாக்கொட்டையின் சுவை. உணவகங்களைப் பெரும்பாலும் 1902இல் தொடங்கப்பட்ட ஃபெல்ட்சர்வால்ட் (ஃபால்ஸ் காடு) சங்கத்தின் தொண்டர்களே நடத்துகிறார்கள். நீண்ட வாங்குகளில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். அன்னதானப் பந்தியில் இருப்பது போல ஒரு நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். வைனும் சோடாவும் கலந்ததை, விரல் பதிய உள்ளே குழி குழியாக இருக்கும் அரை லீற்றர் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, மேசையைச் சுற்றிக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். எனக்குத் திராட்சைச் சாற்றில் சோடா கலந்து அதே கிளாசில் கொடுத்தார்கள். மரக்கறி உண்பவர்களுக்கு அவித்த உருளைக்கிழங்கும் பூண்டு, வெங்காயம் சேர்த்த மென்மையான வெள்ளைப் பாற்கட்டியும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நான் அதையே வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆனால் இந்த உணவகங்களுள் பல வார இறுதியிலும் புதன்கிழமையிலும் மட்டுமே திறக்கின்றன. கைநூலில் அது இல்லாததால் ஒரு செவ்வாய்க்கிழமை பூட்டிய கதவின் முன்னால் நின்றோம். அக்கா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் அன்று எங்களைக் காப்பாற்றின.

கோட்டைகளில் ட்ரைஃபெல்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்வைலர் ஊருக்கு மேலே செந்நிற மணற்பாறையின் முதுகில் அது நிற்கிறது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் 1193இல் இங்கே சிறைவைக்கப்பட்டான். புனித ரோமப் பேரரசின் மணிமுடியும் செங்கோலும் இடைக்காலத்தில் இங்கே பாதுகாக்கப்பட்டன, அவற்றின் மாதிரிகளை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கைநூல் இவ்வளவையும் அழகாகச் சொல்கிறது. ஆனால், நாம் வியந்து பார்க்கும் பெரிய மண்டபம் 1938இல் நாஜி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய மறுகட்டுமானம் என்பதையும், பழைய வடிவத்தைப் பின்பற்றாமல் அந்த ஆட்சியின் பெருமைக்காகத் திட்டமிடப்பட்டது என்பதையும் அது சொல்லவில்லை. இது எனக்குச் சிறிய குறையாகப் படவில்லை. 1620களில் எங்கள் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டைக்குள் நுழைந்து, வாசல் கல்லில் இருக்கும் இணைக்கயலையும் தமிழ் எழுத்தையும் பார்த்தபடி, அந்தக் கோயில் இன்று நிற்கும் சுவாமிமலைக்கு ஏறுகிறவர்கள் நாங்கள். எந்தக் கல் எந்தக் காலத்தில், எவர் கையால் வைக்கப்பட்டது என்பது எங்களுக்கு முக்கியம். காசு வாங்கி வழிநூல் எழுதுகிறவர் அதை மறைக்கக் கூடாது.

எஷ்பாக் ஊருக்கு மேலுள்ள மாடன்புர்க் சிதைவுகள் அதைவிட எனக்குப் பிடித்தன. கூரையில்லாத சுவர்களின் நடுவே நின்றால் ரைன் சமவெளி முழுவதும் கண்முன் விரியும். ரீட்புர்க் கோட்டைக்கு எடன்கோபனிலிருந்து இழுவை நாற்காலி ஓடுவதால், முழங்கால் நொந்த என் கணவர் அதில் ஏறி எங்களுக்கு முன்னரே மேலே காத்திருந்தார்.

ஒரு குறை பெரியது. மூன்றாம் இரவு எங்கள் பெட்டி வரவில்லை. பெயர் ஒத்த வேறொரு விடுதியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவசர எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல்தான் பேசியது. கடைசியில் விடுதிக்காரப் பெண்மணியே ஊர் ஊராக அழைத்து விசாரித்து, இரவு ஒன்பதரைக்குத் தன் காரில் போய் எடுத்து வந்தார். என் கணவரின் பிரஷர் மாத்திரைகள் அந்தப் பெட்டியில் இருந்தன. அன்று நான் பட்ட பதற்றத்துக்கு நிறுவனம் பின்னர் மின்னஞ்சலில் கேட்ட மன்னிப்பு போதாது. மாத்திரை, கடவுச்சீட்டு, ஒருநாள் மாற்றுடுப்பு மூன்றையும் முதுகுப் பையிலேயே வைத்திருங்கள்.

அப்படியிருந்தும் அந்தக் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். மரத்துக்கு மரம் அடித்திருக்கும் வழிச்சின்னங்கள் அவ்வளவு தெளிவாக இருப்பதால் வரைபடமும் கைப்பேசிப் பதிவும் தேவையே இல்லை. அவற்றுக்குக் கொடுத்தது அதிகம். ஆனால் அறுபதை நெருங்கும் மூன்று பேர் வெறுந்தோளோடு மலை ஏறி, மாலையில் தம் சொந்தப் போர்வைக்குள் படுக்க முடிந்தது பெட்டிச் சேவையால்தான். ஜேர்மன் மொழி தெரிந்த உறவினர் இருந்தால் அறைகளை நீங்களே பதிவு செய்து, பெட்டி கொண்டுபோவதை மட்டும் காசுக்கு எடுங்கள். எவரும் இல்லையென்றால் முழுச் சேவையையும் எடுங்கள். விசாவுக்கு நேரத்தோடு விண்ணப்பியுங்கள்; குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதியும் அதற்கு வேண்டும்.

பாட் பேர்க்ஸாபேர்னிலிருந்து ஷ்வைகன் வரையுள்ள கடைசித் துண்டு எங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அங்கே 1936இல் கட்டிய வைன் வாசலைக் கடந்து நடந்தால், எல்லைக்கு அப்பால் பிரான்சின் விஸம்பூர் ஊருக்குள் போய்விடலாமாம். அடுத்த முறை அதை நடப்பதென்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினோம்.