பழைய வீட்டைப் பிரிக்க ஜேசிபியா, கடப்பாரையா?

முத்தியால்பேட்டையில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரிக்க இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் ஜேசிபி வைத்து இரண்டே நாளில் மனையைச் சுத்தமாக்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் ஆறு ஆட்களோடு மூன்று வாரம் கேட்டார்.

வேகத்தில் ஜேசிபிக்கு ஈடில்லை. ஆனால் ஓடு, மரம், செங்கல், ஒயர் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். கலந்துபோன இடிபாட்டை யாரும் வாங்கமாட்டார்கள். டிப்பரில் ஏறி, இருட்டிய பிறகு ஏதாவது வாய்க்கால் கரையில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தெருக்கள் மிதக்கும் ஊரில் இதை என்னால் ஏற்க முடியாது.

கடப்பாரைக்காரரிடமே வேலையைக் கொடுத்தோம். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. கொத்தனார் கரண்டியான கொல்லறின் விளிம்பால் இரண்டு தட்டு தட்டினால் காரை பொடியாக உதிர்ந்து, கல் முழுசாகக் கையில் வந்துவிடுகிறது. தேக்குத் தூண்களும் உத்தரமும் நல்ல விலைக்குப் போயின. கூடுதல் கூலியில் பெரும்பகுதி அதிலேயே திரும்பிவிட்டது. பின்னால் சேர்த்த சிமென்ட் சுவரில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. கலவை கல்லைவிடக் கெட்டி; தட்டினால் செங்கல்தான் உடைந்தது. முழுக்க சிமென்ட் வீடென்றால் கைப்பிரிப்பின் லாபம் கதவு, ஜன்னல், கம்பியோடு நின்றுவிடும்.

அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு, இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் அரவை ஆலைதான் சரி. ஒற்றை வீட்டுக்கு லாரி வாடகை கட்டாது, அடுக்குமாடிக்குக் கட்டும். ஆனால் அங்கும் பிரித்துக் கொடுப்பதில்தான் பயன் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய 2016-இன் ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதிப்படி, தனிக் கான்கிரீட்டை அரைத்த ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில், போடும் ஜல்லியில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம். செங்கல் கலந்துவிட்டால் அடித்தளத்துக்குக் கீழே போடும் சிமென்ட் குறைந்த கலவைக்கு மட்டுமே உதவும்.

நாளுக்கு 20 டன்னுக்கு மேல் கழிவு வரும் தளங்களிடம் கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான 2016 விதிகள் நான்கு குவியல்கள் கேட்டன: கான்கிரீட் ஒன்று; மண் ஒன்று; இரும்பு, மரம், பிளாஸ்டிக் சேர்ந்து ஒன்று; செங்கலும் காரையும் ஒன்று. எங்கள் வீடு சின்னதுதான் என்றாலும் அதே கணக்கில் பிரித்தோம். உடைந்த செங்கல் புது வீட்டின் பேஸ்மென்ட்டுக்குள் போனது, மரச் சிராய்களைப் பொறுக்கிய பிறகு. ஒரு துண்டு மரம் உள்ளே தங்கினாலும் கரையான் அதைத் தேடி வந்துவிடும் என்று மேஸ்திரி கூடையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.