பத்தடி மண்ணைத் தாங்க எது: கருங்கல்லா, கான்கிரீட்டா, கேபியனா?

குன்னூர், கொடைக்கானல் பக்கம் சரிவை வெட்டி மனை எடுத்தால், வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு வெட்டுமண் நிற்கும். அதைத் தாங்கக் கருங்கல் கட்டு, ஆர்.சி.சி. எனும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், கேபியன் என்கிற கம்பிவலைக் கல்பெட்டி என்று மூன்று வழி சொல்வார்கள். மூன்றும் தாங்கும். விழுகிற விதம்தான் வேறு வேறு. அதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் தண்ணீர் கணக்கு. 3 மீட்டர் உயரத்தில், தண்ணீர் தேங்காத மணற்பாங்கான மண் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் அது 6 டன்னாகிவிடும். மேலே 60 செ.மீ., அடியில் 1.6 மீட்டர் அகலமுள்ள கருங்கல் கட்டுக்கு மீட்டருக்கு 8 டன் எடை வரும். அடி உராய்வு தரும் எதிர்ப்பு ஏறத்தாழ 4 டன். கோடையில் அசையாத சுவர் ஐப்பசி மழையில் நகர்வதற்கு இதுதான் காரணம். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். மழையும் சுவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மறக்கவே கூடாது.

கருங்கல் கட்டில் வீப் ஹோல், அதாவது பின்னால் தேங்கும் தண்ணீரை வெளியே விடும் குழாய்த்துளை, இருக்கும், ஆனால் வேலை செய்யாது. குழாயின் பின்வாயில் தோண்டிய களிமண்ணையே கொட்டி மூடியிருப்பார்கள். 75 மி.மீ. குழாயை 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சரிவாக வைத்து, சுவரின் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். இரண்டு முகத்திலும் நல்ல கல் வைத்து நடுவில் சில்லு போட்டு ஒப்பேற்றிய சுவர் வயிறு தள்ளும். குறுக்கே ஓடும் நீளக்கல் கட்டாயம். 2 மீட்டருக்கு மேல் கருங்கல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்.சி.சி. இடம் குறைவாகப் பிடிக்கும். அடித்தட்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும், மேலே உள்ள மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஆபத்து கம்பியில். சுவர் வெளிப்பக்கமாக வளையும். இழுவிசை மண் பக்கத்து முகத்தில் வரும். முக்கியக் கம்பி அங்கேதான் நிற்க வேண்டும். 30 செ.மீ. சுவரில் அதை நடுவில் நிறுத்தினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வெளிமுகத்தில் நிறுத்தினால் கம்பியே இல்லாத மாதிரி. கான்கிரீட் போட்டபின் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பலகை அடைக்கும் முன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2 மீட்டர் அகலம் விட முடிந்தால் கேபியன்தான் என் தேர்வு. கீழிருந்து மேலாக 2, 1.5, 1 மீட்டர் அகலத்தில் மூன்று அடுக்கு, மண் பக்கம் லேசான சாய்வு. தண்ணீர் தானாக வடியும். தரை கொஞ்சம் இறங்கினாலும் வெடிக்காது. வலைக்கண்ணைவிடச் சின்னக் கல்லைக் கொட்டுவது, பெட்டிக்குள் குறுக்குக் கம்பி கட்டாமல் விடுவது, பின்னால் துணி போடாமல் மண்ணைக் கரையவிடுவது என்று இவற்றால்தான் கெடும்.

எந்தச் சுவரானாலும் கொட்டிய மண்மேல் அஸ்திவாரம் வேண்டாம். வெட்டுப்படாத கெட்டி மண் வரை இறங்குங்கள். கீழ்மனைக்காரர் சுவரின் முன்பக்க அடியை ஒட்டிக் குழி எடுத்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள்.