பெட்டியில் பூட்டுவதா, அலமாரியில் சுழலவிடுவதா?

2020-இல் கடை அலமாரிகள் காலியானபோது எல்லோரையும் போல நானும் பயந்துதான் போனேன். சாமான்கள் மெல்லத் திரும்பிவர ஆரம்பித்ததும் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு வாங்கினேன். சோப்பு, சலவைத்தூள், அரிசி, கோதுமை மாவு, எண்ணெய், பேட்டரி, பிளீச்சிங் திரவம், மெழுகுவர்த்தி என்று தோன்றியதையெல்லாம் ஒரே வாரத்தில் வாங்கி அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூடியில் டேப் ஒட்டி 'அவசரத்துக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதைத் திறந்ததிலிருந்து வேறு முறைக்கு மாறிவிட்டேன். அந்த முறையில் தனிப் பெட்டி, தனிச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அன்றாடம் புழங்கும் சாமானையே ஒன்றிரண்டு கூடுதலாக வைத்திருப்பது, பழையதை முதலில் எடுப்பது, எடுத்ததற்கு ஈடாக ஒன்று வாங்கிப் பின்னால் வைப்பது, அவ்வளவுதான். ஜப்பானில் பேரிடர்த் தயாரிப்புக்காக அரசே இதைப் பரிந்துரைக்கிறது, 'ரோலிங் ஸ்டாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. சுழற்சிதான் என் கட்சி. ஆனால் பெட்டி ஜெயிக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

காசு, இடம் இரண்டிலும் பெரிய விவாதம் இல்லை. பெட்டிக்கு ஒரே நாளில் மொத்தமாகச் செலவாகும், சுழற்சியில் ஒவ்வொரு தடவையும் ஒரு பொருள்தான் கூடுதல் என்பதால் கையைக் கடிக்காது. பெட்டி ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும், சுழற்சி எல்லா அலமாரியிலும் கொஞ்சம் கொஞ்சம் இடம் பிடிக்கும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பார்கள். தூக்கிப் போட்டதையும் கணக்கில் சேர்த்தால் எனக்கு அது மலிவாக வரவில்லை.

எனக்கு விஷயத்தைத் தீர்த்துவைத்தது பராமரிப்புதான். இரண்டு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன் என்றேன் அல்லவா, ஏதோ பற்றாக்குறை வந்து திறக்கவில்லை. வீட்டில் சலவைத்தூள் தீர்ந்துவிட்டது, வெளியே மழை, அதனால்தான் திறந்தேன். தூள் கல்லாகியிருந்தது. உறையைக் கிழித்துக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி உடைத்துத்தான் போட வேண்டியிருந்தது, அதிலும் பாதி கரையாமல் துணியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. சரி, மற்றது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டே வைத்திருந்தேன், புத்திசாலித்தனம் என்று நினைத்து. அது கசிந்து, ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு, டார்ச்சே போச்சு. அல்கலைன் பேட்டரியை உறையோடு தனியாக வைத்திருந்தால் பல வருடம் தாங்கும், கருவிக்குள் மாட்டி மறந்தால்தான் இந்தக் கதி. மாவுப் பையின் மடிப்பில் நூலாம்படை மாதிரி ஏதோ இருந்தது, உள்ளே புழு. எண்ணெயில் சிக்கு வாடை.

அரிசி மட்டும் பார்க்க நன்றாகவே இருந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன், ஒரு பூச்சி இல்லை. அன்றைக்கே அதைச் சமைத்தோம். முதல் வாய் வைத்ததுமே அம்மா தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "என்னடா இது, சோப்புத் தண்ணியிலயா சமைச்சே?" ஒரே பெட்டிக்குள் காற்றுப் புகாமல் இரண்டு வருடம் சோப்போடு குடித்தனம் நடத்திய அரிசி வேறு எப்படி மணக்கும்?

பிளீச்சிங் திரவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. அதிலிருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் சும்மா வைத்திருந்தாலே சிதைந்துகொண்டிருக்கும், வெப்பமும் வெளிச்சமும் பட்டால் இன்னும் வேகமாக. வருடக்கணக்கில் கிடந்த பாட்டிலை நம்பிக் கிருமி நீக்கம் செய்தால், செய்தோம் என்ற திருப்திதான் மிச்சம். தூளாவது கட்டிதட்டி, நான் கெட்டுவிட்டேன் என்று காட்டிக்கொடுக்கிறது.

இதெல்லாம் என் அஜாக்கிரதை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் நடந்திருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்பேசியில் நினைவூட்டல்கூட வைத்திருந்தேன். அது மணி அடிக்கும், 'அடுத்த ஞாயிறு பார்க்கலாம்' என்று தள்ளிவைப்பேன், அடுத்த ஞாயிறும் அதே கதை. 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதிய பெட்டியை அவசரம் இல்லாத நாளில் திறக்க யாருக்குமே கை வராது. பெட்டி முறையில் பராமரிப்பு என்பது தனியாக ஒரு வேலை, அதைச் செய்யாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் குடிமுழுகாது, அதனால் யாரும் செய்வதில்லை. சுழற்சியில் அந்த வேலையே கிடையாது. சோப்பு எடுக்கிற கைதான் பராமரிப்பும் பார்க்கிறது.

ஆனால் அதற்கு ஒரு கணக்குத் தெரிய வேண்டும், எந்தப் பொருள் எத்தனை நாள் வருகிறது என்று. இதை யூகித்தால் கண்டிப்பாகத் தப்பும். எங்கள் வீட்டில் ஒரு பற்பசை இரண்டு மாதம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடைக்கிற ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுத ஆரம்பித்த பிறகு பார்த்தால் அது முப்பத்தொரு நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்போ நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. ஒரே ஒரு மார்க்கர் பேனாவை அலமாரிக் கதவில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இரண்டு மூன்று மாதம் இப்படி எழுதினால் வீட்டின் உண்மையான செலவு கைக்கு வந்துவிடும். அப்புறம் விதி சுலபம்: ஒரு மாதத்துக்கு வேண்டியது எப்போதும் பிரிக்காமல் பின்னால் இருக்க வேண்டும், அதில் கை வைக்கும் நாளில் பட்டியலில் எழுதிவிட வேண்டும். கடைசி ஒன்றை உடைக்கும்போது எழுதினால் சுழற்சி போய் வெறும் கடைப் பட்டியல் ஆகிவிடும். புதிதாக வாங்கியதை முன்னால் வைக்கிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார், அவரைத் திருத்த என்னிடமும் வழியில்லை.

ஒரு மாதம் போதுமா? இதற்குப் பழைய சம்பவங்களைப் பார்ப்பது உதவும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த சமயம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரப் போகிறது என்ற வதந்தியில் ஜப்பானில் ஒசாகா பக்கம் ஆரம்பித்து நாடு முழுக்கக் கழிப்பறைக் காகிதத்துக்கு வரிசை நின்றது. 2020-இல் பல நாடுகளில் அதே காகிதம், அதே வரிசை. இரண்டு தடவையும் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அது இடத்தை அடைக்கும் பொருள், கடைகள் அதிகம் வைத்திருக்காது, எல்லோரும் ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு வாங்கினால் அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்தவர் மூன்று மடங்கு வாங்குவார். இந்த மாதிரிப் பற்றாக்குறை வாரக் கணக்கில் அடங்கிவிடுகிறது, நமக்கு வேண்டியது அந்தச் சில வாரம் வரிசைக்குப் போகாமல் இருக்கும் வசதி. பெட்டி நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் பயம் வந்த பிறகுதான் நிரப்பக் கிளம்புகிறார்கள், நான் உட்பட, அதாவது மற்றவர்களுக்கும் தேவைப்படுகிற அதே வாரத்தில். சுழற்சிக்காரர் அந்தக் கூடுதல் ஒன்றை அமைதியான காலத்திலேயே வாங்கி முடித்திருப்பார்.

அரசுகள் சொல்லும் அளவுகள் இந்த ஒரு மாதத்தைவிடக் குறைவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் குறைந்தது 72 மணி நேரத்துக்கு வேண்டியதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னது, ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்கிறார்கள், ஜெர்மனியில் பத்து நாள்.

இனி பெட்டியின் பக்கம். தண்ணீர், டார்ச், மெழுகுவர்த்தி, முதலுதவிச் சாமான் இதெல்லாம் தினமும் செலவாகாது, செலவாகாதது சுழலாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது ஜப்பானியக் கணக்கு, நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர், அதை அலமாரியில் சோப்புக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியாது. வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தாலும் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும், அலமாரியை இல்லை. அதனால் பெட்டியை நான் முழுக்கக் கைவிடவில்லை. இரண்டில் ஒன்று போய் ஒன்று இருக்கிறது. டார்ச்சும் பேட்டரியும் இப்போது தனித்தனியாக.

மருந்து தனிக் கதை. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் சுழற்சிதான் சரி, பழைய அட்டை முதலில் என்பது அங்கே கட்டாயம், ஆனால் எத்தனை நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாட்டிக் வாங்கி அடுக்குவது வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கான பால்மாவையும் தேதி தாண்டிக் கொடுக்கக் கூடாது. 2022-இல் அமெரிக்காவில் அந்தப் பால்மாவுக்கு மாதக்கணக்கில் தட்டுப்பாடு இருந்தது, அந்த அளவுக்கு இழுத்தால் என்னுடைய ஒரு மாதக் கணக்கு உதவாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை, அதனால் அவர்களுக்கு என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சுழற்சிக்கு மாறிய பிறகு எங்களுக்கு வந்த மிக நீண்ட சோதனையே மூன்று வாரம்தான், அதுவும் எண்ணெய் ஒன்றுக்கு மட்டும். மூன்றாவது வாரக் கடைசியில் பிரிக்காத பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதன் மேல் அம்மாவின் கையெழுத்தில் தேதிக்குப் பதிலாக 'இதைத் தொடாதே' என்று எழுதியிருந்தது. மறுபடியும் 'அவசரத்துக்கு மட்டும்' கதையை ஆரம்பித்துவிட்டார்.