கிரனாடா மாகாணம்: மலையில் தங்குவதா, கரையில் தங்குவதா?

தென் ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்து முடித்தபின் கையில் இன்னும் நான்கு நாள் மிஞ்சுகிறவர் ஓரிடத்தில் தங்கி மாகாணத்தைச் சுற்ற விரும்பினால், அல்புஹாரா மலையூர்கள், அல்முன்யேகர் கடற்கரை, குவாதிஸ் என மூன்று இடங்கள் எதிரே நிற்கும்.

குவாதிஸை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். களிமண் குன்றுகளைக் குடைந்து அமைத்த வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். மண்மேட்டின்மீது வெள்ளைப் புகைபோக்கிகள் மட்டும் தலை நீட்டும் காட்சி மறக்கமுடியாதது என்றாலும், அதற்கு அரைநாள் போதும்.

அல்முன்யேகரின் கதை நீளமானது. பண்டைக் கடல்வணிகர்களான பினீசியர்கள் குடியேறிய துறைமுகம் அது. ரோமானியர் மீனை உப்பிட்ட தொட்டிகள் இன்றும் ஊர்ப் பூங்காவில் கிடக்கின்றன. பின்னர் கோர்தோபாவில் உமய்யா அரசை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் 755இல் வந்திறங்கியதும் இங்கேதான். வடகாற்றை மலை மறிப்பதால் குளிர்காலம் இதமானது. நம் சீதாப்பழத்தின் நெருங்கிய உறவான செரிமோயா இக்கரையோரம் செழிக்கிறது. ஆனால் கடற்கரை கருஞ்சாம்பல் நிறமும் கூழாங்கல்லுமாகவே இருக்கும்; வெண்மணலை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஆகஸ்டில் கூட்டம் வேறு நெரிக்கும்.

என் தேர்வு மலைதான், குறிப்பாக 1,436 மீட்டர் உயரத்தில், பொக்கேயிரா பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் இருக்கும் அல்புஹாரா ஊரான கப்பிலேயிரா. அங்கே கூரைகள் தட்டையானவை. லௌனா என்னும் சாம்பல்நிறக் களிமண்ணை அழுத்திப் பரப்பி, மழைநீர் இறங்காதபடி செய்கிறார்கள். மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் இங்கே ஆண்ட காலத்திலிருந்து வரும் வாய்க்கால்கள் அதைவிட வியப்பானவை. பனி உருகும் பருவத்தில் நீரை மேற்சரிவுக்குத் திருப்பி, வேண்டுமென்றே மண்ணில் இறங்கவிடுகிறார்கள். அது மெல்லக் கசிந்து, கோடையில் கீழேயுள்ள ஊற்றுகளில் எழுகிறது. 1568இல் கிளர்ந்த மொரிஸ்கோக்கள் (கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களும் அவர்களின் வழிவந்தவர்களும்) தோற்று வெளியேற்றப்பட்ட பின், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் இதே வாய்க்கால்களைத்தான் பேணினார்கள். பொக்கேயிரா ஆறு குவாதல்ஃபேயோ ஆற்றில் கலந்து, கரையோர மொத்ரில் சமவெளியின் வயல்களுக்கும் பாய்கிறது. 2006 வரை அங்கே ஆலைக்குப் போன கரும்பும் அந்த நீரில் விளைந்ததுதான். மலையை முதலில் பார்த்தவருக்கே கரையின் பசுமை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

குறையும் உண்டு. தெருக்கள் செங்குத்தானவை, பேருந்துகள் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களையும் வாடகைக் கார் எடுக்க விரும்பாதவர்களையும் நான் அங்கே அனுப்பமாட்டேன். ஜனவரியில் போகிறவரும் கரையிலேயே தங்கி, வெயில் தெளிந்த ஒருநாளில் மட்டும் மலையேறுவது நல்லது.