உடனே செய்வதா, சோதித்துக் காத்திருப்பதா?

ஜெபக்கூட்டத்தில் ஒருவர் தலையில் கைவைத்து, "கர்த்தர் உனக்குச் சொல்கிறார்" என்று தொடங்கிவிட்டார். இப்படித் தேவன் சொன்னதாக வரும் தீர்க்கதரிசன வார்த்தையை அப்புறம் என்ன செய்வது?

வேதத்தில் நிற்குமா?
உடனே செய்தால்: 1 இராஜாக்கள் 13-ஐப் பாருங்கள். அந்த ஊரில் சாப்பிடாதே என்று தேவன் ஒரு தேவமனுஷனிடம் சொல்லியிருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடும்படி தேவதூதன் சொன்னதாக ஒரு கிழத் தீர்க்கதரிசி அவனிடம் பொய் சொன்னான். நம்பித் திரும்பிப் போன அந்தத் தேவமனுஷனைச் சிங்கம் கொன்றது. தேவன் தனக்கு நேரடியாகச் சொன்னதை அவன் விட்டுவிட்டான்.
சோதித்தால்: 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, சோதித்துப் பார். சோதிப்பது அவிசுவாசம் என்று மிரட்டுபவர்கள் இந்த வசனத்தை எங்கே வைப்பார்களோ!

தவறினால் இழப்பு?
உடனே: வேலை, திருமணம், பணம் போகலாம்.
சோதித்தால்: பெரும்பாலும் சில வாரங்கள்.

எளிமை?
உடனே செய்வதுதான் எளிது. சோதிக்க ஜெபம், வசனம், முகத்துக்கு நேரே பேசும் இரண்டு சபை மூப்பர்கள் வேண்டும்.

அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்றதும் அந்தியோகியா சீஷர்கள் உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள் (அப்போஸ்தலர் 11). அதே அகபு பவுலின் கச்சையால் தன்னைக் கட்டிக் காட்டி, எருசலேமில் பவுல் இப்படிக் கட்டப்படுவார் என்றபோது, போகவேண்டாம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள் (அப்போஸ்தலர் 21). பவுல் எருசலேமுக்கே போனார். முன்னறிவிப்பு வேறு, அதை வைத்து எடுக்கும் முடிவு வேறு.

ஆறுதல் வார்த்தை, மன்னிப்புக் கேட்கும்படி, பிறருக்கு உதவும்படி வந்த வார்த்தை என்றால் சரி, இன்றே செய்யுங்கள். திருமணம், வேலையை விடுவது, ஊர் மாறுவது என்றால் காத்திருங்கள். சொன்னவருக்கே காணிக்கை கேட்டு முடிந்தால், சோதிக்கக்கூட நேரம் செலவிடவேண்டாம்.