வீலா, ஸ்டிக்கா? ஆர்சி கார் ரேஸுக்கு எந்த ரிமோட்

சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, வளைவில் கார் வெட்டி வெட்டித் திரும்புது, ஸ்டிக் ரிமோட்டுக்கு மாறட்டுமா?" டர்பனில் புதிதாக ஓட்டும் பலருக்கும் இதே குழப்பம்.

ஸ்டியரிங்
வீல்: ரிமோட்டில் இருக்கும் சின்னச் சக்கரம். நிஜக் காரைத் திருப்புவது போலவே; கை சீக்கிரம் பழகும்.
ஸ்டிக்: கட்டைவிரலின் சின்ன அசைவே போதும். அடுத்தடுத்த வளைவுகளில் வேகம், ஆனால் பழக நாள் ஆகும்.

த்ராட்டில்
வீல்: ஆள்காட்டி விரலால் ட்ரிகரை இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக்.
ஸ்டிக்: மேலே வேகம், கீழே பிரேக். விமான ரிமோட்டை வாங்கிவிடாதீர்கள். அதன் த்ராட்டில் ஸ்டிக் பெரும்பாலும் தானாக நடுவுக்குத் திரும்பாது. விரலை எடுத்தாலும் கார் ஓடிக்கொண்டே இருக்கும், ஆபத்து.

செலவு
வீல்: ரெடியாக வரும் கார்களோடு பெரும்பாலும் கூடவே வரும்.
ஸ்டிக்: காருக்கான மாடல்கள் குறைவு, தனியாக ராண்ட் எண்ண வேண்டும்.

என் மருமகனுக்கு வீலே போதும் என்றேன். அவன் ரிமோட்டில் எக்ஸ்போவே வைக்கவில்லை! எக்ஸ்போ என்பது ரிமோட்டில் உள்ள ஒரு செட்டிங்; அதை வைத்தால் ஸ்டியரிங்கின் நடுப்பகுதி மென்மையாகும், முழுத் திருப்பம் குறையாது. அப்படி மென்மையாக்க சில கம்பெனி ரிமோட்டுகளில் மைனஸ் எண், சிலவற்றில் பிளஸ் எண் வைக்க வேண்டும். காரைத் தூக்கி வைத்துச் சரிபாருங்கள். ஓடும்போது டயர் பிடிப்பில்லாமல் சுழன்றால் த்ராட்டிலுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

சிறுவயதிலிருந்தே ஸ்டிக்கில் விமானம் ஓட்டியவர் என்றால், சரி, கார் ஸ்டிக்கையே எடுங்கள்.